கவிழ்ந்த வங்கிக் கொள்ளை: சிங்கப்பூரைக் களமாக வைத்துக் குற்ற நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

வங்கிக்குள் நால்வர் நுழைகிறார்கள். ஏதோ ஒன்று தவறுகிறது. ரத்தம் சிந்துகிறது. இந்தக் கதையை எழுதியே தீர வேண்டும் என்று எங்கள் கதைக்குழுவுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை.

அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. எழுதும் வரிசைதான் தவறிவிடுகிறது. வரைபடம், முகமூடி, கார், துப்பாக்கி என்று கொள்ளைத் திட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். அந்தத் திட்டம் எந்த ஊரிலும் நடக்கலாம். கோடம்பாக்கத்துப் போலிஸ், ஆங்கிலப் படத்துத் துப்பாக்கி, மேலே ஒட்டிய, சிங்கப்பூர்க் குடியிருப்பு வட்டாரமான தோ பாயோவின் பெயர்ப்பலகை என்று கதை மூன்று ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. என் முதல் பிரதியும் இப்படித்தான் 80 பக்கங்களில் நின்றது. இரண்டாம் அத்தியாயத்தில் ஒருவன் இடுப்பில் துப்பாக்கியைச் செருகியிருந்தேன். இந்த ஊர்ச் சட்டத்தில் அதற்கு என்ன பொருள் என்று படித்த இரவில் அந்த 80 பக்கங்களும் பொய்யாகிவிட்டன.

கீழே இருப்பது அதற்குப் பிறகு நான் பின்பற்றிய வரிசை. படிகளை இடம் மாற்றாதீர்கள். ஒன்றின் விடை இல்லாமல் அடுத்ததை எழுத முடியாது.

முன்னேற்பாடு: கையில் இருக்க வேண்டியவை

முதல் வரியை எழுதும் முன் மூன்று வாரங்கள் ஒதுக்குங்கள். தேவைப்படுபவை அதிகமில்லை: தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று, நூலக அட்டை, நடக்கும் கால்கள்.

சிங்கப்பூர்ச் சட்டங்கள் அனைத்தும் அரசின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தண்டனைச் சட்டத் தொகுப்பில் 390 முதல் 397 வரையிலான பிரிவுகளையும், 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் அன்றைய பதிப்பையே எடுங்கள். நீதிமன்றத் தீர்ப்புகளையும் இணையத்தில் படிக்கலாம். ஒரு கொள்ளை வழக்கின் தீர்ப்பை முழுதாகப் படித்தால் யார் எங்கே நின்றார், யார் என்ன சொன்னார், எத்தனை நிமிடம் ஆனது என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கும். கற்பனை அதற்குமேல் எழும்ப ஒரு தரை வேண்டும். தேசிய நூலகத்தின் மின்னிதழ்க் காப்பகத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. குற்றச் செய்திகளை அந்தந்தக் காலத்துத் தமிழிலேயே படிக்கலாம்.

செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. உண்மையான வங்கிக் கிளைக்குள் நின்று படம் எடுக்காதீர்கள். பெட்டகம் எங்கே, காவலர் எப்போது மாறுவார் என்று ஊழியர்களிடம் கேட்காதீர்கள். நீங்கள் எழுத்தாளர் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பயப்படுவார்கள், பயப்படுவதற்கு உரிமையும் உண்டு. வங்கியையும் கிளையையும் நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். வாசகருக்குப் பூட்டின் விவரம் தேவையில்லை. பூட்டின் முன் நிற்பவனின் நாக்கு வறண்டிருப்பதுதான் தேவை.

1. எது தவறுகிறது என்பதை முதலில் எழுதுங்கள்

திட்டத்தை எழுதும் முன், அது கவிழும் இடத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும்.

"அலாரம் அடித்துவிட்டது" என்று எழுதினால் அது இயந்திரத்தின் கதை. "நவீன் கைப்பேசியை அணைக்க மறந்தான், அம்மா அழைத்தாள்" என்று எழுதினால் நவீன் யார், ஏன் மறந்தான், அம்மா ஏன் அந்த நேரத்தில் அழைத்தாள் என்று மூன்று அத்தியாயங்கள் தாமாகக் கிளைவிடும். தவறு ஒருவரின் குணத்திலிருந்து பிறக்கவேண்டும். அப்போதுதான் வாசகர் பின்னால் திரும்பிப் பார்த்து, "இவன் முதல் பக்கத்திலேயே இப்படித்தானே இருந்தான்" என்று உணர்வார்.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, ஐந்து தவறுகளை அடுக்குவது. மழை, விபத்து, துரோகம், அலாரம், தெரிந்தவர் ஒருவர் அங்கே வந்து நிற்பது. ஒரு தவறு போதும். மற்றவை எல்லாம் அந்த ஒன்றைச் சரிசெய்யப்போய் நடப்பவையாக இருக்கட்டும்.

2. ஒவ்வொருவரும் கொடுக்கப்போகும் விலையைக் கணக்கிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் கொள்ளை என்பது ஒரே குற்றம் இல்லை. அது ஒரு படிக்கட்டு. பகலில் நடக்கும் சாதாரணக் கொள்ளைக்கு 2 முதல் 10 ஆண்டு சிறை. அதே கொள்ளை இரவு 7 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையில் நடந்தால் 3 முதல் 14 ஆண்டு. கொள்ளையின்போது யாருக்காவது காயம் ஏற்படுத்தினால் 5 முதல் 20 ஆண்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் அது கூட்டுக் கொள்ளை, அதற்கும் 5 முதல் 20 ஆண்டு. இவற்றோடு பிரம்படியும் உண்டு. கூட்டுக் கொள்ளையில் ஐவரில் ஒருவன் கொலை செய்துவிட்டால், கத்தியைத் தொடாத மற்ற நால்வரும்கூட மரண தண்டனையையோ ஆயுள் தண்டனையையோ எதிர்நோக்குவார்கள்.

இந்தப் படிக்கட்டுதான் உங்கள் அத்தியாய வரிசை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் கும்பல் தெரிந்தோ தெரியாமலோ ஒரு படி ஏற வேண்டும். இறங்க வழியே இருக்கக்கூடாது.

எண்ணிக்கையைப் பாருங்கள். நால்வர் திட்டமிடுகிறார்கள். கடைசி நேரத்தில் காரோட்ட ஒருவரைச் சேர்க்கிறார்கள். உடனிருந்து உதவுபவரும் கணக்கில் சேர்வார் என்பதால், அவர் வந்ததும் குற்றத்தின் பெயரே மாறுகிறது. என் கதையில் கும்பலின் மூத்தவரான மணியண்ணனுக்கு மட்டும் இது தெரியும். அவர் மற்றவர்களிடம் சொல்வதில்லை. அந்த மௌனம் எனக்கு ஒரு முழு அத்தியாயத்தைக் கொடுத்தது.

கடிகாரத்தையும் பாருங்கள். பேரங்காடிகளில் மாலை 7 மணி வரை இயங்கும் கிளைகள் உண்டு. 6.50-க்கு உள்ளே நுழைந்தவர்கள் 7.05-க்கும் உள்ளே இருந்தால் அந்தப் பதினைந்து நிமிடம் வெறும் பதற்றத்தோடு முடிவதில்லை, தண்டனையையும் கூட்டிவிடலாம். சுவர்க் கடிகாரத்தை இரண்டு முறை காட்டினால் போதும்.

அடுத்து ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்து எழுதுங்கள். ஒரே குற்றம், ஆனால் ஒவ்வொருவருக்கும் விலை வேறு. 50 வயதைத் தாண்டிய ஆணுக்குப் பிரம்படி கிடையாது. பெண்களுக்கும் கிடையாது. குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது. ஆகவே 58 வயது மணியண்ணன், 34 வயது கதிர், 26 வயது ரஞ்சித், 17 வயது நவீன், வேலை அனுமதிச் சீட்டில் வந்து லாரி ஓட்டும் 29 வயது முருகேசன் ஆகிய ஐவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் ஒரே ஆபத்தில் இல்லை. "நீ ஏன் அந்தச் சின்னப் பையனை முன்னால் அனுப்புகிறாய்?" என்று ரஞ்சித் கேட்கும் இடத்தில் சட்டம் வசனமாக மாறுகிறது. முருகேசனுக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. பட்டுக்கோட்டையில் முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. சிறையிலிருந்து மாதப் பணம் அனுப்ப முடியாது.

பிரிவு எண்களைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள். எந்தத் திருடனும் எண் சொல்லிப் பேசுவதில்லை.

3. துப்பாக்கி வேண்டுமா என்று தீர்மானியுங்கள்

இந்த ஊரில் துப்பாக்கி சாதாரணப் பொருள் இல்லை. ஆயுதக் குற்றச் சட்டப்படி, கொள்ளையின்போது ஒருவன் சுட்டால், காயப்படுத்தும் எண்ணம் இல்லாவிட்டாலும், யார் மீதும் குண்டு படாவிட்டாலும் தண்டனை மரணம். அவனிடம் துப்பாக்கி இருப்பது தெரிந்து அங்கே உடனிருந்த கூட்டாளிக்கும் அதே தண்டனை. சுடுவதைத் தடுக்க நியாயமாக எடுக்கக்கூடிய நடவடிக்கை எல்லாவற்றையும் எடுத்தேன் என்று அந்தக் கூட்டாளிதான் நிரூபிக்க வேண்டும்.

இப்போது அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ரஞ்சித் கூரையைப் பார்த்துச் சுடுகிறான். மிரட்டத்தான் சுட்டான். அந்த நொடியில் அறைக்குள் இருக்கும் கூட்டாளிகளின் உறவு மாறிவிடுகிறது. மற்றவர்கள் உயிர் பிழைக்க வேண்டுமானால் ரஞ்சித்தைத் தடுத்ததாகக் காட்டியாக வேண்டும். நண்பர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளுவது அச்சத்தாலா, பாசத்தாலா, பிற்பாடு நீதிமன்றத்தில் சொல்வதற்காகவா? வேறு ஊரில் எழுதப்படும் கொள்ளைக் கதைக்கு இப்படி ஒரு நொடி எளிதில் வாய்க்காது. இதைக் கையில் வைத்துக்கொண்டு, கும்பல் ஆளுக்கொரு துப்பாக்கியோடு நுழைவதாக எழுதிவிட்டால் கதை தொடங்கும்போதே கரைந்துவிடும்.

துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பதும் புதியவர்கள் தடுமாறும் இடம். கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையை முடித்த கதிருக்கு, ராணுவத்தின் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரியும். ஆனால் முகாமை விட்டு ஒரு தோட்டாகூட வெளியே வராது என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே "தெரிந்தவர் மூலம் வாங்கினான்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள்.

என் தீர்ப்பு இது: உள்ளே நுழையும்போது யாரிடமும் துப்பாக்கி வேண்டாம், பாராங் என்ற நீண்ட வெட்டுக்கத்தி ஒன்று போதும். சிங்கப்பூர் வாசகருக்கு அந்தச் சொல்லே அடிவயிற்றில் இறங்கும். துப்பாக்கி அங்கே ஏற்கெனவே இருப்பவரிடமிருந்து வரட்டும். பணப்பெட்டியோடு வரும் துணைப் போலிஸ் அதிகாரியின் இடுப்பில் அது இருக்கிறது. கைகலப்பில் அது கைமாறும் கணம்தான் உங்கள் கதை திரும்ப முடியாத இடம்.

4. இடம், நேரம், பணத்தின் எடை

கிளைக்கு ஓர் அக்கம்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் தோ பாயோவைத் தேர்ந்தேன். பேருந்துச் சந்திப்பு, எம்ஆர்டி ரயில் நிலையம், வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள், கோப்பிக் கடை எல்லாம் ஒரே கூப்பிடு தூரத்தில் இருப்பதால் ஓடுகிறவன் மக்களுக்குள்தான் ஓட முடியும். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவை எடுத்தால் கிழமை முக்கியம். ஞாயிறு மாலையில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தோளோடு தோள் உரசும் கூட்டம். செவ்வாய்க் காலையில் அதே சாலையில் பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்.

தேர்ந்தெடுத்த இடத்துக்கு இரண்டு முறை போங்கள், கதை நடக்கும் அதே கிழமை, அதே மணிக்கு. மின்தூக்கிக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், மழை வந்தால் மக்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பதைக் குறியுங்கள். இங்கே மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் ஐம்பது பேர் ஒதுங்கி நிற்கும்போது முகமூடியைக் கழற்ற இடம் தேடுகிறவனை எழுதினால் வாசகர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

பணத்தின் எடையைப் புதியவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. 10,000 வெள்ளித் தாள் வெளியிடுவது 2014-இல் நின்றது. 1,000 வெள்ளித் தாள் 2021 தொடக்கத்தில் நின்றது. இப்போது வெளியிடப்படுவதில் பெரியது 100 வெள்ளித் தாள்தான். ஒரு மில்லியன் வெள்ளி என்றால் 10,000 தாள், ஏறக்குறைய பதினோரு கிலோ. அதையே 50 வெள்ளித் தாளாகக் கொடுத்தால் 20 கிலோவைத் தாண்டும், ஐந்து கிலோ அரிசிப் பைகள் நான்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது போல. 58 வயதுக்காரர் எத்தனை மாடி ஏறுவார்?

தொகையைக் குறைத்து வையுங்கள் என்றும் சொல்வேன். 2016 ஜூலை 7 அன்று ஹாலந்து வில்லேஜில் ஒரு வெளிநாட்டுக்காரர் வங்கிக் கவுண்டரில் ஒரு தாளை நீட்டி 30,000 வெள்ளிக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு போனார். ஆயுதம் எதுவும் காட்டவில்லை. அன்றே பேங்காக்குக்குப் பறந்துவிட்டார். மூன்று நாளில் அங்கே பிடிபட்டு, தாய்லாந்தில் சிறையிருந்து, லண்டன் விமான நிலையத்தில் மறுபடி பிடிபட்டு, 2020-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார். 2021-இல் 5 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. கொள்ளைக்குச் சில நிமிடம் ஆனது, அதன் வால் ஐந்து ஆண்டு நீண்டது. உங்கள் நாவலையும் இதே விகிதத்தில் பிரியுங்கள். வங்கிக்குள் நடப்பது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மீதிக் கதைக்கு மூச்சு இருக்காது.

5. கவுண்டருக்குப் பின்னால் இருப்பவரை எழுதுங்கள்

கும்பலின் காட்சிகளை எழுதுவதற்கு முன் இவரை எழுதுங்கள். பின்னால் எழுதினால் இவர் வெறும் கைகளாகிவிடுவார்: மேலே தூக்கிய கைகள், பணம் திணிக்கும் கைகள்.

என் கதையில் அவர் கல்பனா. வயது 41. காலை பிள்ளைக்குச் சிற்றுண்டிப் பெட்டி கட்டிவிட்டு வந்தவர். அன்று மாலை இடைவேளையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்ததால்தான் அந்த நாற்காலியில் இருந்தார். கொள்ளைக்குப் பிறகும் அவருக்கு மூன்று அத்தியாயங்கள் கொடுத்தேன். பேருந்தில் பின்னால் உட்கார்ந்தவர் இருமினாலும் உடல் குலுங்குகிறது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் எவரோ தாளை நீட்டியதும் எழுந்து கழிவறைக்குப் போகிறார். அது பணம் போடும் படிவம்தான்.

எங்கள் குழுவில் ஒருவர் முன்பு கவுண்டர் வேலை பார்த்தவர். கல்பனாவின் பக்கங்களை அவரிடம் கொடுத்தேன். நிறையத் திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒரு வரியை அடித்தார்: "அவள் அலறினாள்." வாய் திறக்கும், சத்தம் வராது என்றார்.

6. வன்முறைக் காட்சியை எழுதும் முறை

ஒரு நாவலில் மூன்று அடிகள் போதும் என்பது என் கணக்கு. முதல் அடி வாசகரை அதிரவைக்கும், இரண்டாவது பயமுறுத்தும், மூன்றாவது துக்கப்படுத்தும். நான்காவது வந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு சாதாரணச் செயலை வையுங்கள். காவலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், மூதாட்டி எண் சீட்டைப் பார்த்துத் திரையைப் பார்க்கிறாள். அடி விழுந்த பிறகும் அந்தச் செயலின் மிச்சம் கிடக்கட்டும், தரையில் அந்த எண் சீட்டு.

காயத்தை உடலின் உண்மையோடு எழுதுங்கள். தொடையில் ஆழமாக வெட்டுப்பட்டவன் வசனம் பேசிக்கொண்டே ஓட மாட்டான். வளர்ந்த மனிதனின் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம்தான் இருக்கிறது. குளிர்கிறது என்பான், தண்ணீர் கேட்பான், பேச்சு குழறும். தேசிய சேவையில் முதலுதவி கற்ற கதிர் அழுத்திப் பிடிப்பான். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? கை மரத்துப்போகும். யாரைக் கூப்பிடுவது? 995-ஐ அழைத்தால் மருத்துவ வண்டி வரும், அதோடு மற்றவர்களும் வருவார்கள். நண்பனின் உயிரா, தன் விடுதலையா என்று அவன் விரல் கைப்பேசியின் மேல் நிற்கும் அந்தப் பக்கத்தை நான் ஒன்பது முறை எழுதினேன்.

மூடிய அறையில் சுட்டால் காது அடைத்துவிடும். அடுத்த வரியிலேயே இருவர் உரையாடுவது புதியவர்களின் வழக்கமான பிழை. சில நிமிடங்களுக்கு வாயசைவு மட்டும்தான் தெரியும். இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒருவன் "போ" என்கிறான், மற்றவன் "போடு" என்று புரிந்துகொள்கிறான்.

ரத்தத்தின் நிறத்தை உவமையால் அழகுபடுத்தாதீர்கள். செம்பருத்தியும் குங்குமமும் இங்கே வேண்டாம். அடிபட்டவருக்கு அது அழகாக இல்லை.

7. பேச்சு

ஐவரும் தமிழர்கள் என்றாலும் ஒரே தமிழ் பேச மாட்டார்கள். ஈசூனில் வளர்ந்த ரஞ்சித்துக்குப் போலிஸ் என்றால் "மாத்தா", பணம் என்றால் "காசு", தொகை என்றால் "வெள்ளி". அவன் காதில் விழும் தகவல் "லோபாங்". பட்டுக்கோட்டை முருகேசனுக்கு "போலீஸு", "பணம்". வெள்ளியை மனத்துக்குள் ரூபாயாக மாற்றித்தான் அவன் எதையும் மதிப்பிடுவான். மணியண்ணன் பழைய கம்பத்து (மலாயில் கிராமம்) மனிதர், அவர் தமிழில் மலாய் கலந்திருக்கும்.

சிங்கப்பூர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் வரும் "லா"வை ஒவ்வொரு வரியிலும் ஒட்டாதீர்கள். பதற்றம் கூடும்போதும் கெஞ்சும்போதும் மட்டும் வரட்டும்.

உறவுமுறைச் சொல்தான் இந்தக் கதையில் உங்களுக்குக் கிடைத்த கூர்மையான கருவி. ரஞ்சித் தன் அக்காளின் கணவனான கதிரை "மாமா" என்றுதான் கூப்பிடுவான். வங்கிக்கு வெளியே நின்று, "மாமா, கார் வரல" என்கிறான். இரண்டு நிமிடம் கழித்து, "கதிர்! கார் எங்கடா?" அந்த "டா" விழுந்த இடத்தில் குடும்பம் உடைந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு வரி விளக்கம்கூட எழுத வேண்டாம்.

8. தப்பித்தலும் போலிஸும்

நீண்ட கார் துரத்தலை எழுதாதீர்கள். கிழக்கிலிருந்து மேற்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் உள்ள தீவு இது. மாலை 7 மணிக்குத் தீவு விரைவுச்சாலையில் யாரும் யாரையும் துரத்த முடியாது. தரைவழியாக வெளியேற இரண்டே வாசல்கள், உட்லண்ட்ஸ் கடற்பாலமும் துவாஸ் இரண்டாம் இணைப்பும். இரண்டிலும் வரிசை, இரண்டிலும் சோதனை. 2016-க்குள்ளேயே சுமார் 10,000 வீவக புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களிலும் போலிஸ் கேமராக்கள் பொருத்தப்பட்டுவிட்டன. இந்த ஊரில் தப்புவது என்றால் பெரும்பாலும் ஓர் அறையில் உட்கார்ந்து காத்திருப்பது. யூனோஸில் ஒரு மூன்றறை வீடு, இழுத்துவிட்ட திரை, பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை, கதவருகே நின்றுபோகும் காலடி. காரைவிட இதில் அச்சம் அதிகம்.

போலிஸை எழுதும்போது தமிழ்நாட்டுச் சினிமாவின் ஜீப்பையும் லத்தியையும் அறையையும் மறந்துவிடுங்கள். இங்கே விசாரணை அதிகாரி அமைதியாகக் கேட்பார், தட்டச்சு செய்வார், வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம். அந்த 48 மணி நேரம் உங்களுக்கு ஒரு கடிகாரம். பேச முடியாத சூழலில் இருப்பவர்கள் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். மேசைக்கடியில் ஒளிந்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் நடுங்கும் விரலால் தட்டச்சு செய்வதை எழுதிப் பாருங்கள்.

பிணைக்கைதிக் காட்சி வேண்டுமென்றால் 1991 மார்ச் 26 இரவு சாங்கி விமான நிலையத்தில் நடந்ததைப் படியுங்கள். நால்வர் கடத்திவந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பேச்சு நீண்டது. மறுநாள் காலை கமாண்டோக்கள் நுழைந்து அரை நிமிடத்தில் முடித்தார்கள். கடத்தியவர்கள் நால்வரும் இறந்தார்கள், பயணிகள் ஒருவருக்கும் காயமில்லை. எட்டு மணி நேரக் காத்திருப்பு, அரை நிமிடச் சூடு. புதியவர்கள் இதைத் தலைகீழாக எழுதுகிறார்கள்.

9. நீதிமன்றம்

பலர் கைதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் தமிழில் எழுதுகிறவருக்கு மட்டுமே வாய்க்கும் காட்சி அதற்குப் பிறகுதான் இருக்கிறது: மொழிபெயர்ப்பாளர்.

முருகேசன் கூண்டில் நிற்கிறான். நீதிபதி ஆங்கிலத்தில் பேசுகிறார். அவனுக்கு எதிரான வாக்குமூலம், அவன் உயிரைப் பற்றிய வாதம், எல்லாம் அருகில் நிற்கும் ஒருவரின் தமிழ் வழியாகத்தான் அவன் காதுக்கு வருகிறது. அவன், "தெரியாம வந்துட்டேங்க" என்கிறான். வழி தெரியாமலா, விஷயம் தெரியாமலா, யோசிக்காமலா? மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மூன்று சொற்களுக்கு நடுவே ஒருவனின் தூக்குக் கயிறு ஊசலாடுவதை ஆங்கிலத்தில் எழுதினால் பாதிதான் வரும்.

ஜூரி இங்கே 1969-இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. "ஜூரி உறுப்பினர்களே" என்று வழக்கறிஞர் திரும்பும் காட்சி வேண்டாம். மரண தண்டனை வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே வக்கீலை ஏற்பாடு செய்கிறது. ஆகவே "வக்கீல் வைக்கப் பணமில்லை" என்பதைத் திருப்பமாக வைக்காதீர்கள்.

10. இப்போதுதான் திட்டத்தை எழுத வேண்டும், பிறகு திருத்த வேண்டும்

தவறு, விலை, ஆயுதம், இடம், கல்பனா, பேச்சு, முடிவு எல்லாம் தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்தின் திட்டக் காட்சிக்கு வாருங்கள். இரண்டு பக்கம் போதும். அதில் ஒவ்வொருவரும் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். மணியண்ணன் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. நவீன் வயதைக் கூட்டிச் சொல்கிறான். இதை முதலில் எழுதியிருந்தால் வெறும் வரைபடமாக நின்றிருக்கும்.

பிரதி முடிந்ததும் மூன்று வாரம் மூடி வையுங்கள். திருத்தும்போது ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். முதல் வாசிப்பில் நேரத்தை மட்டும் பாருங்கள். 6.50-க்கு நுழைந்தவர்கள் செய்ததையெல்லாம் கடிகாரம் வைத்து உங்கள் அறையிலேயே செய்து பார்த்தால் பாதி வசனங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். இரண்டாம் வாசிப்பில் கும்பலைப் புகழும் பெயரடைகளை அடியுங்கள். துணிச்சலான, அசாத்தியமான, கில்லாடி போன்றவை அந்த அறையில் வெட்டுப்பட்ட காவலரை அவமதிக்கின்றன. மூன்றாம் வாசிப்பில் அந்தக் காவலருக்குப் பெயர் வைத்தீர்களா என்று தேடுங்கள். எங்கள் குழுவில் நான் படித்த பதினான்கு பிரதிகளில் இரண்டில் மட்டுமே அவருக்குப் பெயர் இருந்தது. இல்லையென்றால், அவர் அன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒரு பக்கத்தை எழுதி, பெயரோடு முதல் அத்தியாயத்துக்கு முன்னால் வையுங்கள்.